கோழிக்கழிச்சலுக்கு ஊசியா, சொட்டா, குருணையா?

(வானொலி வேளாண் உரை)



நம் திண்டுக்கல் பக்கத்தில் வேடசந்தூர், வடமதுரை, நத்தம், நிலக்கோட்டை என்று எந்த ஊருக்குப் போனாலும், வாசலில் கவிழ்த்து வைத்த பஞ்சாரம் ஒன்று கண்ணில் படும். நாலு பெட்டை, ஒரு சேவல், பின்னால் ஓடும் குஞ்சுகள். வியாழக்கிழமை அய்யலூர் சந்தைக்கு இரண்டு கோழியைக் கொண்டு போனால் அன்றைய செலவுக்கு ஆச்சு. இந்தக் காசு பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் கையில் புழங்குகிற காசு. பிள்ளைக்கு நோட்டு வாங்க, மாவு அரைக்க, திடீரென்று காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓட, யாரிடமும் கை நீட்டாமல் எடுக்கிற காசு.

இந்தக் காசுக்கு எமனாக வருவது வெள்ளைக்கழிச்சல். கோழிக்கழிச்சல் என்றும், இராணிக்கெட் நோய் என்றும் சொல்வது இதைத்தான். திங்கட்கிழமை ஒரு கோழி இறக்கையைத் தொங்கப்போட்டுத் தூங்கும். அடுத்த திங்களுக்குள் பஞ்சாரம் காலியாகிவிடும்.

"அதுக்குத்தான் ஊசி இருக்கே?" என்பீர்கள். இருக்கிறது. ஆனால் கிராமங்களில் அடிக்கடி கேட்கிற பேச்சு இன்னொன்று: "ஊசி போட்டோமுங்க, போட்டும் செத்துப்போச்சு." இப்படி ஒரு தடவை நடந்துவிட்டால், அந்தத் தெருவில் அடுத்த வருஷம் யாரும் கோழியைப் பிடித்துக் கொடுப்பதில்லை. போட்டும் ஏன் செத்தது? ஊசி, கண் சொட்டு, தண்ணீரில் கலப்பது, குருணை என்று இத்தனை வழி இருக்கிறதே, நம் வீட்டுக் கோழிக்கு எது ஏற்றது? இன்றைக்கு அதைப் பார்ப்போம்.

நோயும் மருந்தும் வந்த கதை

இந்த நோய் 1926இல் ஜாவாத் தீவிலும், அதே ஆண்டு இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்துப் பக்கத்திலும் கண்டறியப்பட்டது. ஆகவே மேல்நாட்டில் இதற்கு நியூகாசில் நோய் என்று பெயர். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் நம் நாட்டில் இமயமலைச் சாரலில், குமாவுன் பகுதியைச் சேர்ந்த இராணிக்கெட் என்ற ஊரில் தென்பட்டது. அந்த ஊர்ப் பெயரே நம் நாட்டில் நோய்க்கு நிலைத்துவிட்டது.

நோய்க்குப் பெயர் கொடுத்த அதே மலைப்பக்கம் மருந்தையும் கொடுத்தது. குமாவுனிலேயே உள்ள முக்தேசுவரத்துக் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில், 1940களில், இந்த நோய்க்கிருமியைக் கருவுள்ள முட்டைகளில் திரும்பத் திரும்ப வளர்த்து, அதன் வீரியத்தைக் குறைத்துத் தடுப்பு மருந்து செய்தார்கள். எட்டு வாரம் ஆன கோழிக்கு நம் ஊரில் இறக்கையில் போடுவது ஆர்.டி.வி.கே. ஊசி. நம் மாநிலத்தில் 1932இல் தொடங்கிய இராணிப்பேட்டை கால்நடை நோய் தடுப்பு மருந்து நிலையம் இதைத் தயாரித்துக் கொடுக்கிறது.

இதில் ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள். ஊசியானாலும் சொட்டானாலும் குருணையானாலும், நம் ஊரில் நாட்டுக்கோழிக்குக் கொடுப்பது பெரும்பாலும் உயிருள்ள மருந்து. வீரியம் குறைந்த கிருமி அதற்குள் உயிரோடு இருக்கிறது. அது கோழியின் உடம்புக்குள் போய்ப் பெருகினால்தான் எதிர்ப்புச் சக்தி உண்டாகும். போகிற வழியிலேயே வெயில் பட்டு அது செத்துவிட்டால், நாம் போடுவது வெறும் தண்ணீர் ஊசி.

முதல் வழி: கண்ணில் சொட்டு

குஞ்சு பொரித்து ஏழாம் நாள் கொடுப்பது எப்-1 என்ற மருந்து. கண்ணில் ஒரு சொட்டு அல்லது மூக்கில் ஒரு சொட்டு. நாலாவது வாரத்தில் லசோட்டா மருந்தை இன்னொரு தடவை சொட்டாக விடவேண்டும். இவை இரண்டும் மிகவும் மென்மையானவை. இளங்குஞ்சும் தாங்கும்.

கண்ணில் ஏன் விடுகிறோம்? நோய்க்கிருமி கோழிக்குள் நுழைவது கண், மூக்கு, வாய் வழியாக. கோழியின் கண்ணுக்குப் பின்னால் ஒரு சுரப்பி உண்டு. கண்ணில் விட்ட மருந்து அந்தச் சுரப்பியைத் தூண்டி, கண்ணிலும் மூக்கிலும் தொண்டையிலும் காவல் போடவைக்கிறது. திருடன் வருகிற வாசலிலேயே காவலாளியை நிறுத்துகிற மாதிரி. இரத்தத்திலும் எதிர்ப்புச் சக்தி ஏறுகிறது.

இன்னொரு லாபம், ஒவ்வொரு குஞ்சையும் கையில் பிடித்து விடுவதால் எதுவும் தப்புவதில்லை. அளவும் எல்லாவற்றுக்கும் ஒன்றே. குஞ்சின் தலையைப் பக்கவாட்டில் திருப்பி, சொட்டுக்குப்பியை நேராகக் கவிழ்த்துப் பிடித்து, ஒரு சொட்டு விட்டு, அது கண்ணுக்குள் இறங்கிக் குஞ்சு கண்ணைச் சிமிட்டும் வரை பிடித்திருக்கவேண்டும். விட்டவுடன் கையை எடுத்தால் குஞ்சு தலையை உதறிவிடும். மருந்து மண்ணுக்குப் போகும்.

குறை என்ன? கைவேலை அதிகம். பத்து இருபது குஞ்சு உள்ள வீட்டில் இது பெரிய வேலையே இல்லை. ஆயிரக்கணக்கில் வளர்க்கும் பண்ணையில்தான் ஆள் கூலி கணக்குப் பார்க்கவேண்டியிருக்கிறது.

இரண்டாவது வழி: குடிதண்ணீரில் கலப்பது

பண்ணைக்காரர்கள் அதிகம் கையாள்வது இது. காலையில் ஒன்று, இரண்டு மணி நேரம் தண்ணீர் காட்டாமல் தாகத்தில் வைத்து, பிறகு மருந்து கலந்த தண்ணீரை வைப்பார்கள். ஒரு மணி, மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள் குடித்து முடித்துவிடவேண்டும்.

இதில் மூன்று கண்டம் உண்டு. ஒன்று, பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீர். அதில் பிளீச்சிங் பவுடர் போட்டிருப்பார்கள். நமக்கு அது நல்லது, உயிருள்ள மருந்துக்கு அது விஷம். கிணற்றுத் தண்ணீர் எடுக்கவேண்டும். லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடரை முதலில் கரைத்து, பிறகு மருந்தைக் கலந்தால் மருந்துக்குப் பாதுகாப்பு. இரண்டு, பாத்திரம். தகரம், இரும்பு வேண்டாம். பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரம் நல்லது. சோப்புப் போட்டுக் கழுவிய பாத்திரமும் ஆகாது. மூன்று, எல்லாக் கோழியும் ஒரே அளவு குடிக்காது. சேவல் முட்டித் தள்ளிக் குடிக்கும். நோஞ்சான் குஞ்சு ஓரமாக நிற்கும். நோய் முதலில் தூக்குவது அந்த நோஞ்சானைத்தான்.

கூண்டிலோ கொட்டகையிலோ அடைத்து வளர்க்கிறவர்களுக்கு இந்த வழி ஒத்துவரும். வாய்க்காலிலும் மாட்டுத் தொட்டியிலும் வாய் வைக்கிற நாட்டுக்கோழிக்கு இதை நம்பி இருக்க முடியாது.

மூன்றாவது வழி: இறக்கையில் ஊசி

ஆர்.டி.வி.கே. ஊசியை எட்டு வாரம் முடிந்த கோழிக்கு, இறக்கையில் தோலுக்கு அடியில் அரை மில்லி போடுகிறார்கள். இந்த மருந்து எப்-1, லசோட்டாவை விடக் கொஞ்சம் முரட்டு மருந்து. ஆகவே இது உண்டாக்குகிற எதிர்ப்புச் சக்தி பலமாக இருக்கும், அதிக நாளும் நிற்கும்.

முரடு என்பதால் வயதைப் பார்க்கவேண்டும். எட்டு வாரத்துக்குக் குறைந்த குஞ்சுக்குப் போட்டால், சில குஞ்சு கால் இழுத்துக்கொண்டு போகும், சில செத்தும் போகும். முட்டையிடுகிற கோழிக்குப் போட்டால் கொஞ்ச நாள் முட்டை குறையும். சோர்ந்திருக்கிற கோழிக்கும் பூச்சி விழுந்து மெலிந்த கோழிக்கும் போடக்கூடாது. ஒரு வாரம் முன்னாடியே குடற்புழு நீக்க மருந்து கொடுத்துவிட்டால் ஊசி நன்றாக எடுக்கும்.

அரசு கால்நடை பராமரிப்புத் துறை பல ஆண்டுகளாகப் பிப்ரவரி மாதத்தில் இரண்டு வாரம் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்தி, இலவசமாக இந்த ஊசியைப் போடுகிறது. தை கடைசியும் மாசி தொடக்கமுமாக வருகிற காலம் அது. பங்குனி, சித்திரை வெயிலில் நோய் தலைகாட்டும் முன் கோழிக்குப் பலம் ஏறவேண்டும் என்பதற்காகத்தான் அந்த மாதம். ஊசி போட்ட அன்றைக்கே பலம் வந்துவிடாது. ஒன்றிரண்டு வாரம் ஆகும்.

இந்த முகாமிலும் ஒரு சந்து இருக்கிறது, கவனியுங்கள். முகாம் அன்று எட்டு வாரம் ஆகாத குஞ்சுக்கு ஊசி கிடையாது. முகாம் முடிந்து பொரித்த குஞ்சுக்கும் கிடையாது. இவற்றை அப்படியே விட்டால் அடுத்த பிப்ரவரி வரை வெறும் உடம்போடு திரியும். ஆகவே முகாமை மட்டும் நம்பாமல், இந்தக் குஞ்சுகளுக்கு வயது வந்ததும் கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட்டுக்கொள்ளவேண்டும்.

நாலாவது வழி: குருணை மருந்து

"மரத்துமேல அடையுற கோழிய எப்படிங்க பிடிக்கிறது?" என்ற கேள்விக்குப் பதிலாக வந்தது இது. வெப்பத்தைத் தாங்கக்கூடிய கிருமி வகையைத் தீவனத்தில் ஏற்றிக் கொடுக்கும் யோசனை. 1980களில் ஆஸ்திரேலியாவின் வி-4 என்ற மருந்தை வைத்து மலேசியாவில் இதைச் சோதித்தார்கள். இலங்கையிலும் பக்குவம் செய்த அரிசியில் ஏற்றிப் பார்த்தார்கள். பச்சைத் தானியத்தில் கிருமியைக் கெடுக்கும் பொருள்கள் இருப்பதால், தானியத்தைப் பக்குவம் செய்வது அவசியமாயிற்று. நம் மாநிலத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் டி-58 என்ற வெப்பம் தாங்கும் வகையைக் கொண்டு குருணை மருந்து உருவாக்கியிருக்கிறது.

இதன் நன்மை கண்கூடு. ஊசி வேண்டாம், பிடிக்க வேண்டாம். காலையில் பஞ்சாரத்தைத் திறக்கும் முன் பசியோடு இருக்கும்போது இறைத்தால் கொத்தித் தின்றுவிடும். மருந்துப் பையில் சொல்லியிருக்கும் அளவும், எத்தனை நாள் கழித்து மறுபடி கொடுக்கவேண்டும் என்பதும் முக்கியம். வெப்பம் தாங்கும் என்றால் கூரைமேல் வெயிலில் வைக்கலாம் என்று அர்த்தமில்லை. நிழலில்தான் வைக்கவேண்டும்.

குறை என்ன என்றால், தண்ணீருக்குச் சொன்னதேதான். அதிகம் தின்பது அதிகம் பெறும், ஒதுங்கி நிற்பது பெறாது. மொசாம்பிக், தான்சானியா போன்ற ஆப்பிரிக்க நாடுகளில் ஐ-2 என்ற வெப்பம் தாங்கும் மருந்தைக் கிராமத்துக் கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்த அனுபவமும் இதையே சொல்கிறது. அதே மருந்தைத் தீவனத்தில் கொடுப்பதை விடத் தண்ணீரிலும், தண்ணீரை விடக் கண்ணில் சொட்டாகவும் கொடுத்தபோது பலன் கூடியது. ஆகவே பிடிக்க முடிந்த கோழிக்குச் சொட்டும் ஊசியும். பிடிக்கவே முடியாத கோழிக்குக் குருணை. ஒன்றும் இல்லாததற்கு அது எவ்வளவோ மேல்.

நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணைகளில் எண்ணெயில் கலந்த செத்த கிருமி ஊசியும் போடுகிறார்கள். அது முட்டைப் பருவத்துக்கு முன், ஏற்கனவே உயிருள்ள மருந்து வாங்கிய கோழிக்கு மேல்பலம் கொடுப்பது. நாலு கோழி வளர்க்கிற வீட்டுக்கு அது தேவைப்படாது.

போட்டும் ஏன் செத்தது?

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். பொதுவாக நாலு காரணம்.

ஒன்று, மருந்து வழியிலேயே செத்திருக்கும். மருந்தகத்தில் குளிர்ப்பெட்டியில் இருந்ததைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சைக்கிளில் வெயிலில் வந்தால் அதில் என்ன மிஞ்சும்? ஐஸ் போட்ட பிளாஸ்கில்தான் கொண்டு வரவேண்டும். கரைத்த பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்கவேண்டும். மிச்சத்தை நாளைக்கு என்று வைக்கக்கூடாது.

இரண்டு, கோழி ஏற்கனவே நோயை வாங்கியிருக்கும். கிருமி உள்ளே போய்ச் சுமார் ஐந்தாறு நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். சில கோழியில் இரண்டு வாரம்கூட ஆகும். பக்கத்து வீட்டில் கோழி செத்த பிறகு ஓடிப்போய் ஊசி போட்டால், உள்ளே இருக்கிற நோய்க்கு ஊசிமேல் பழி விழும்.

மூன்று, ஒரே ஒரு தடவை போட்டது. தடுப்பு ஊசி போட்ட தாய்க்கோழி தன் முட்டை வழியாகக் குஞ்சுக்குக் கொஞ்சம் எதிர்ப்புச் சக்தியைக் கொடுத்தனுப்புகிறது. அது இரண்டு மூன்று வாரம் காப்பாற்றும். ஆனால் அதே சக்தி நாம் விடும் முதல் சொட்டையும் ஓரளவு தின்றுவிடும். ஆகவேதான் நாலாம் வாரம் இரண்டாவது சொட்டு, எட்டாம் வாரம் ஊசி. ஒன்றை விட்டாலும் சங்கிலி அறுந்தது.

நாலு, செத்தது வேறு நோயாக இருக்கும். கழிச்சல் ஊசி கழிச்சலுக்கு மட்டுமே. கொண்டையிலும் கண்ணிலும் கொப்புளம் வருகிற அம்மைக்கு இறக்கைச் சவ்வில் குத்தும் தனி மருந்து உண்டு. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கி, கழுத்து முறுக்கிக்கொண்டால் அது வெள்ளைக்கழிச்சல் என்று சந்தேகிக்கலாம். செத்த கோழியை மருத்துவரிடம் காட்டினால் உறுதியாகத் தெரியும்.

தெருவோடு சேர்ந்து போடுங்கள்

ஊசி மருந்து ஒரு குப்பியில் 100 கோழிக்கு வரும். நம் வீட்டில் இருப்பதோ பத்து. ஒரு வீட்டுக்காக ஒரு குப்பியை உடைத்தால் 90 கோழிக்கான மருந்து வீண். "பத்துக் கோழிக்குப் போய் யாரு அலையுறது" என்று விட்டுவிடுவதும் இதனால்தான். தெருவில் பத்து வீடு சேர்ந்தால் கணக்கு நேராகிவிடும். மகளிர் சுயஉதவிக் குழுவில் ஒருவர் எந்த வீட்டில் எத்தனை குஞ்சு, எத்தனை கோழி, எப்போது பொரித்தது என்று ஒரு நோட்டில் குறித்து வைத்தால் போதும். கருக்கலில், பஞ்சாரம் திறக்கும் முன், வெயில் ஏறாமல் வேலையை முடித்துவிடலாம்.

சேர்ந்து போடுவதில் இன்னொரு லாபமும் உண்டு. உங்கள் கோழியும் பக்கத்து வீட்டுக் கோழியும் ஒரே குப்பைமேட்டைத்தான் கிளறுகின்றன. ஒரு வீடு விட்டுப்போனால் நோய் அந்த வாசல் வழியாகத் தெருவுக்குள் வரும்.

நோய் ஊருக்குள் வந்துவிட்டால், வைரஸ் நோயாதலால் குணப்படுத்த மருந்து இல்லை. நோய் வராத வீடுகளில் முதலில் ஊசி போடவேண்டும். நோய் வந்த வீட்டுக்குப் போன காலோடும் ஊசியோடும் நல்ல வீட்டுக்குள் நுழையக்கூடாது. செத்ததை ஓடையில் வீசாமல் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்கவேண்டும். "சாகுறதுக்குள்ள வித்துருவோம்" என்று சீக்குக் கோழியைச் சந்தைக்குக் கொண்டு போகாதீர்கள். அங்கிருந்து அது பத்து ஊருக்குப் போகும், திரும்பி நம் ஊருக்கும் வரும். சந்தையில் வாங்கிய புதுக்கோழியை இரண்டு வாரம் தனியாகக் கட்டி வைத்துவிட்டுப் பிறகு மற்றவற்றோடு விடுங்கள்.

மருந்து போடும்போது நம் கண்ணில் தெறித்தால் கண் சிவந்து சில நாள் உறுத்தும். தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

நினைவில் வைக்க

7ஆம் நாள்: எப்-1, கண்ணில் அல்லது மூக்கில் ஒரு சொட்டு.
4ஆம் வாரம்: லசோட்டா, ஒரு சொட்டு.
7ஆம் வாரம்: குடற்புழு நீக்க மருந்து.
8ஆம் வாரம்: ஆர்.டி.வி.கே. ஊசி, இறக்கையில் அரை மில்லி.
16ஆம் வாரம்: அதே ஊசி இன்னொரு தடவை.
பிறகு: வருஷம் தவறாமல் பிப்ரவரி முகாம். நோய் அடிக்கடி வருகிற ஊராக இருந்தால், இடையில் இன்னொன்று தேவையா என்று மருத்துவரைக் கேளுங்கள்.
பிடிபடாத கோழிக்கு: குருணை மருந்து.

அருகில் உள்ள கால்நடை மருந்தகத்திலும், திண்டுக்கல்லில் இருக்கும் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையத்திலும், காந்திகிராமம் வேளாண் அறிவியல் மையத்திலும் இதைப்பற்றி மேலும் விவரம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அடை வைத்த கோழி குஞ்சோடு இறங்குகிற நாளை இன்றே காலண்டரில் குறித்து வையுங்கள். அதிலிருந்து ஏழாவது நாள் முதல் சொட்டு.